அண்ணன் செருகிய மேடு

நான்கு வருஷமாக நாங்கள் தேடிய துகள், வரைபடத்தில் சின்ன மேடாக எழும்பி நின்றது, 412 என்ற எண்ணுக்கு நேர் மேலே. மறுநாள் அறிவிப்பு. கட்டுரையில் முதல் பெயர் என் அண்ணனுடையது. அவன் செத்து மூன்று மாதம் ஆகிறது.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. துகள்களை மோதவிட்டு எடுக்கும் பதிவுகளுக்குள் ஒரே ஒருவர் ரகசியமாகப் பொய்த் துகள் ஒன்றைச் செருகலாம், செருகாமலும் விடலாம். மற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார்களா என்று பரீட்சை. செருகினாரா இல்லையா என்பதை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுவார். அறிவிப்புக்கு முன் அதைப் பிரிக்க வேண்டும். இந்த முறை அந்த ஒருவர் அண்ணன். உறையைக் காணோம்.

"பொறுப்பேத்த அடுத்த வாரமே போய்ட்டான். எங்க செருகியிருக்கப் போறான்? சும்மா கிளறாதே" என்றார் ஆய்வகத் தலைவர்.

கிளறாமல் இருக்க நான் என்ன களிமண்ணா? நேரே அண்ணி வீட்டுக்குப் போனேன். அவன் கோட்டு இன்னும் ஆணியில் தொங்கியது. உள்பையில் உறை இருந்தது.

கோணல்மாணலான அவன் கையெழுத்து: "செருகியாச்சு. 412. யாரு கண்ல படலேன்னாலும் அந்த வாயாடி கண்ல பட்டுடும்." கீழே, அதை நீக்கும் கடவுச்சொல்.

வாயாடி நான்தான். மூன்று மாதமாக ஒவ்வொரு பதிவையும் திறக்கும்போது, 'இன்னும் கொஞ்சம் வளரேன்' என்று அந்த மேட்டிடம் கெஞ்சியிருக்கிறேன். அந்தப் பக்கம் இருந்தது அவன். பாவி!

அண்ணி காகிதத்தை வாங்கிப் படித்தாள். "இதை எடுத்துட்டா என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது அண்ணி."

"அப்ப எடுக்காதே. உனக்கும் எனக்கும்தானே தெரியும்? அப்பா கண்டுபிடிச்சதுன்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்டி."

காகிதத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

ஆய்வகத்துக்குத் திரும்பிக் கடவுச்சொல்லை அடித்தேன். நீக்கும் நிரலை எழுதியதும் அவன்தான். திரையில் ஒரு வரி வந்தது: "நிஜமாவே என்னை எடுக்கணுமா?"

அவனுடைய வழக்கமான கிண்டல். ஆனால் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஆமாண்டா" என்று சத்தமாகவே சொல்லி அழுத்தினேன். மேடு தரையோடு தரையானது.

அண்ணிக்குப் போன் செய்தேன்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

அவள் போனை வைக்கவில்லை. பின்னால் பிள்ளை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "நாளைக்கு டிவில எங்கப்பாவைக் காட்டுவாங்க."