இருக்கைக்குப் பின்னால் ஒரு விளக்கு

மூன்றாம் நாளும் லாரியைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. மல்லூர்ப் புழுதியில் நான்கு பேர் தோள்கொடுத்து முக்கியபின், அது இருமி எழுந்தது.

"டிரைவரண்ணா, முன்னால ரெண்டு மாட்டைக் கட்டீட்டா பெட்ரோல் ரேஷன் சீட்டுக்கு அலைய வேண்டியதில்லீங்க," என்றான் மூட்டை தூக்கும் வெள்ளியங்கிரி.

செங்கோட்டையனுக்குச் சிரிப்பு வரவில்லை. நாமக்கல்லுக்குப் போகவேண்டிய கடலை மூட்டைகள் வந்துசேரவே சாயங்காலமாகிவிடும். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் இருட்டிவிடும். பேட்டரி இப்படி இறங்கினால் முன்விளக்கு எதுவரை வரும்? இந்த வண்டியின் பழைய முதலாளி குமாரசாமி அந்தச் சாலையில்தான், விளக்கு மங்கி, புளியமரத்தில் மோதிச் செத்தார்.

வண்டியை நிறுத்திச் சாவியை மடியில் செருகிக்கொண்டான். பேட்டரியின் முனையிலிருந்து கம்பியைக் கழற்றி மெல்லத் தொட்டுப் பார்த்தான். நீலமாய் ஒரு பொறி. எல்லாம் அணைந்து கிடக்கும்போதும் ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தது. ஹாரனின் கம்பியை அவிழ்த்தான், பொறி வந்தது. முன்விளக்கை அவிழ்த்தான், டைனமோவை அவிழ்த்தான், அப்போதும் வந்தது. கடைசியில், வண்டியின் எந்தப் பாகத்துக்கும் சேராத ஒரு கம்பி கையில் தட்டுப்பட்டது. நூல் சுற்றிய அந்தக் கம்பி இருக்கைக்கு அடியில் ஓடி, பின்பலகைக்குள் நுழைந்தது.

பலகையைப் பெயர்த்தான். பொந்துக்குள் குங்குமம் அப்பிய சிறு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதனடியில் ஒரு குழந்தையின் உடைந்த கண்ணாடி வளையல்.

"அதைத் தொடாதீங்க."

குமாரசாமியின் மனைவி தெய்வநாயகி பின்னால் நின்றிருந்தாள். இப்போது வண்டி அவளுடையது.

"புதுச்சத்திரத்துல ஆடு ஓட்டீட்டு வந்த புள்ள ஒண்ணு இந்த வண்டியில அடிபட்டுச் செத்துப்போச்சுங்க. அது வண்டிக்குள்ள இருட்டுல உக்காந்து அழுவுதுன்னு எங்கூட்டுக்காரரு போட்ட வெளக்குங்க அது."

"ராவும் பகலும் இது எரிஞ்சா பேட்டரி எறங்காம என்னங்கம்மா பண்ணும்? இதனாலதானுங்க அவுரும்..."

"அன்னிக்கு ஒரு நாளுதானுங்க இதை அணைச்சுப்போட்டுப் போனாரு."

ஈ ஒன்று பல்பைச் சுற்றிவந்து விலகியது.

"கழட்டோணும்னா கழட்டுங்க. ஆனா சாவியக் குடுத்துட்டு ஊடு போய்ச் சேருங்க."

யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் இல்லாமல் பாதி லாரிகள் கொட்டகையில் கிடந்தன. இன்னொரு வண்டி கிடைக்காது. வீட்டில் மனைவி ராமாயிக்கு இது நிறைமாசம். அவன் எல்லாக் கம்பிகளையும் திரும்ப முடுக்கினான், அதையும் சேர்த்து. தெய்வநாயகி குனிந்து, தூங்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பல்பைப் பார்த்துவிட்டுப் போனாள்.

புதுச்சத்திரம் நெருங்கும்போது இருட்டு இறங்கியிருந்தது. முன்விளக்கின் வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு அவியும் கரிபோலச் சுருங்கியது. புளியமரங்கள் அருகில் வந்தபிறகே மரங்களாயின. பலகை இடுக்கு வழியாக மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று அவன் முழங்கையில் விழுந்திருந்தது. அந்தப் பல்புக்கும் அதே பேட்டரிதான். அதுவும் மங்கியிருக்க வேண்டும். மங்கவில்லை.

சாலையின் ஓரம் எது, நடு எது என்று தெரியாமல் போனது. எங்கோ முன்னால், மிகச் சமீபத்தில், ஆட்டு மணி ஒன்று கிணுகிணுத்தது. செங்கோட்டையன் பிரேக்கின் மேல் எழுந்து நின்றான். மூட்டைகளின் பாரம் வண்டியை முன்னே தள்ளிக்கொண்டு போக, சிவப்புக் கோடு முழங்கையிலிருந்து ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களின் மேல் பிரகாசமாக எரிந்தது.