பன்னிரண்டு திங்கட்கிழமைப் பிள்ளைகள்

இனம், மதம் பார்த்துப் பிள்ளைகளைத் தனித்தனி அறையில் உட்கார வைக்கக் கூடாது, பத்து நாளில் அறிக்கை வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பர்மாவில், தாகேதாவின் ஒரு வார்டு அலுவலகத்தில் ஏழு நாள் அதன்மேல் டீ டம்ளர் இருந்தது. எட்டாம் நாள் குழு கூடியது. அது 2002.

வார்டுப் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு இரண்டு அறை. முதலாவதில் பர்மியப் பிள்ளைகள். இரண்டாவதில் ‘கலா’ப் பிள்ளைகள், இந்திய முகம் உள்ள எவருக்கும் ஊர் வைத்திருக்கும் பெயர் அது. பர்மி பேச வராது என்று யாரோ எப்போதோ பிரித்தது. இப்போது அந்தப் பன்னிரண்டு பேரும் பெற்ற தாயோடு சண்டை போடுவதே பர்மியில்தான். அவர்களுடைய ஆசிரியை நாலு மாதத்துக்கு முன் லைங் தாயா ஆலையில் சட்டை தைக்கப் போய்விட்டார். கரும்பலகை மட்டும் ஒழுங்காக வேலைக்கு வருகிறது.

ஜைனப் கூட்டத்துக்கு வந்தது அதற்காக. ஆறு வாரத்தில் பரீட்சை. மகள் ஸமீராவுக்கு முதல் அறையில், ஆசிரியர் இருக்கும் இடத்தில், ஓர் இடம் வேண்டும்.

தலைவர் ஊ பா தெய்ன் நீளமாகச் செருமிவிட்டு ஆரம்பித்தார்.

“நம் பள்ளியில் பிரிவினை இல்லை. நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அதை நாம் கட்டவில்லை.”

செயலாளர் ஒரு வழி சொன்னார்: கலாப் பிள்ளைகளை முதல் அறைக்கும் மற்றவர்களை இரண்டாவதுக்கும் மாற்றிவிடலாம்.

“முதல் அறை ஆசிரியை?” என்றார் தலைமையாசிரியை.

“அவர் தம் பிள்ளைகளோடு போவார்.”

இதை முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள். பிறகு தலைவருக்கு ஞானம் பிறந்தது. பிறந்த கிழமைப்படி பிரிப்பது. “இதில் இனமும் இல்லை, மதமும் இல்லை. கிரகம்தான்.”

தலைமையாசிரியை பதிவேட்டைப் பார்த்தார். திங்கட்கிழமைப் பிள்ளைகள் பதினைந்து. மற்ற கிழமைகள் எல்லாம் சேர்ந்து பதினாறு.

“பாதிக்குப் பாதி. திங்கள் இரண்டாம் அறை,” என்றார் தலைவர்.

திங்களில் பன்னிரண்டு பேர் கலாப் பிள்ளைகள். சேர்க்கும்போது ஒரு தாய் ‘ஷஃபான் பிறை எட்டு’ என்றாள், இன்னொருத்தி ‘ஆவணி மூலம்’ என்றாள். அதற்கெல்லாம் பதிவேட்டில் கட்டம் இல்லாததால் தலைமையாசிரியை எல்லாருக்கும் பிறந்த வருடத்தில் பள்ளி திறந்த தேதியையே போட்டார். 1992 ஜூன் ஒன்று. திங்கள்.

மீதி மூவரும் பர்மியர்கள். ஒருவன் தலைவரின் பேரன். மூவருக்கும் ஓலை ஜாதகத்தைத் திரும்பப் பார்த்தால் நள்ளிரவு தாண்டிப் பிறந்தது தெரியவரும் என்று தலைவர் தீர்மானித்தார். ஆகவே செவ்வாய்.

“எம்மவ வெள்ளிக்கிழமை,” என்றாள் ஜைனப்.

“ஓலை இருக்கிறதா?”

“வீட்டுல பொறந்தவ. இந்த அண்ணனுக்குத் தெரியும்.”

எல்லாரும் ஊ பீரைப் பார்த்தார்கள்; ‘ஊ’ பர்மிய மரியாதை. குடைக்கடை பீர் முகைதீன் ஒன்பது வருடமாகக் குழுவில் இருக்கிறார். தலையாட்டுவதும் சமோசா வரவழைப்பதும் அவர் இலாகா. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வெள்ளிதான்,” என்றார் கடைசியில். “ஜும்ஆவுக்குப் போற வழியில சேதி வந்துச்சு. எனக்குத் தொழுகை பிந்திப் போச்சு.”

தலைவர் மறுப்பார் என்று ஜைனப் எதிர்பார்த்தாள். அவரோ மலர்ந்துபோனார். செயலாளரிடம் அங்கேயே சொல்லி எழுதவைத்தார்: முதல் அறையில் இரு இனத்தாரும் கலந்து அமர்ந்துள்ளனர், உத்தரவு நிறைவேறியது. பீர் முகைதீனும் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் ஜைனப் கேட்டாள். “அண்ணே, மத்த பதினொண்ணு?”

“அறிக்கைக்கு வேண்டியது ஒண்ணு, தங்கச்சி. ஒண்ணு கொடுத்தாச்சு. வீட்டுக்குப் போ.”

மறுநாள் ஸமீரா முதல் அறைக்குள் போனாள். கேட் அருகே, பதினொருவரில் ஒருவனான மகனின் கையைப் பிடித்தபடி மதீனா பீவி நின்றாள்.

“இவன் சனிக்கிழமை, ஜைனபு. பிரசவத்துக்கு நீதானே கூட இருந்தே? வந்து சொல்லுவியா?”

“சொல்றேன்க்கா,” என்றாள் ஜைனப். அறிக்கை நேற்றே போய்விட்டதை அவள் சொல்லவில்லை.