கடலுக்குப் போகிறவனிடம் கேட்ட கேள்வி

சிலுவை ஊருக்கே திரும்பி வந்துவிட்டான் என்றதும் கீழவைப்பாரில் பாதிப் பேருக்கு அவனைப் பார்க்க ஆசை. மீதிப் பேருக்கு யார் சிலுவை என்றே தெரியாது.

"ஏளா, அம்பாசிடரா இருந்தவராம்" என்று ஒருத்தி சொல்ல, "எந்தூருல காரு ஓட்டுனாரு?" என்று இன்னொருத்தி கேட்டாள். அவளைக் குற்றம் சொல்லாதீர்கள் மக்களே. நம் பக்கம் அம்பாசிடர் என்றால் கல்யாணத்துக்கு வாடகைக்கு வந்த வெள்ளைக் கார்தானே.

அவன் மீசை முளைத்த வயதில் கப்பற்படைக்குப் போனவன். போர்க்கப்பலில் நின்று சண்டையைப் பார்த்தவன். அப்புறம் பரீட்சை எழுதி வெளியுறவு வேலைக்குள் நுழைந்து, தேசம் தேசமாகப் போய், கடைசியில் தூதராகவே ஆனான். எந்த ராஜாவுக்கு எவ்வளவு குனிய வேண்டும், யார் உட்கார்ந்த பிறகு யார் உட்கார வேண்டும், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அங்கெல்லாம் அவனுக்கு 'மேன்மைதகு' என்று பட்டம். வேலை முடிந்தது. மனைவி போய்ச் சேர்ந்தாள். மகன் கனடாவில். கோயிலுக்குப் பின்னால் அக்கா ஞானசௌந்தரி விட்டுப்போன வீட்டில் வந்து இறங்கினான், ஒரே ஒரு சொல்லுக்காக.

'ஏலே.'

சிரிக்காதீர்கள். அவனை ஏலே என்று கூப்பிட்ட வாயெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் அடங்கிவிட்டன. மிச்சம் இருந்த ஒரே வாய் அற்புதமணியுடையது. சின்ன வயதில் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சங்கு எடுக்க ஒன்றாக முங்கியவர்கள். மேலே வந்ததும் காதில் விழும் முதல் சத்தம், "ஏலே சிலுவை, இருக்கியாலே?" என்பதுதான்.

அந்த அற்புதமணி இப்போது அவனைக் கண்டால் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "வாங்கய்யா, சௌரியமா இருக்கீங்களா?" என்கிறான்.

அதற்குக் காரணம் உண்டு. சிலுவை தூதராக இருந்த காலத்தில் ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு வந்தான். போலீஸ் வண்டி, அதிகாரிகள், ஆளுயர மாலை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு அற்புதமணி "ஏலே சிலுவை!" என்று ஓடி வந்தான். ஓர் அதிகாரி அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளி, "யோவ், ஐயாகிட்ட மரியாதையாப் பேசும்" என்றார். சிலுவை வாயைத் திறக்கவில்லை. சபையில் சங்கடம் வந்தால் புன்னகை செய்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும் என்பது அவன் கற்ற வித்தை. புன்னகைத்தான், நகர்ந்தான்.

இப்போது வந்த அன்றே மன்னிப்புக் கேட்டான். "அது எப்பவோ நடந்தது, அத எதுக்குய்யா" என்று அற்புதமணி மரியாதையாக மன்னித்துவிட்டான். அதுதான் கொடுமை. டீக்கடையில் சிலுவையே வலியப் போய், "ஏலே அற்புதம், என்னலே மெலிஞ்சிட்ட?" என்று ஆரம்பித்துப் பார்த்தான். "வயசாயிட்டுல்லாய்யா" என்று பதில் வந்தது.

சாயங்காலமானால் அற்புதமணி மகன் செல்வினோடு நண்டு வலை போடப் போவான். சிலுவை மணலில் உட்கார்ந்து, வள்ளம் புள்ளியாகி மறையும்வரை பார்த்திருப்பான்.

ஒருநாள் உட்காரவில்லை. வலையைத் தோளில் போட்டுத் தண்ணீரை நோக்கி இறங்கிய அற்புதமணிக்கு எதிரே போய் நின்றான்.

"எங்கலே போற?"

செல்வின் பல்லைக் கடித்தான். கடலுக்குக் கிளம்பியவனை எங்கே என்று கேட்டால் வலை வெறுமையாகத் திரும்பும். நம் கரையில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

அற்புதமணி வலையைத் தொப்பென்று மணலில் போட்டான்.

"ஏலே சிலுவை! கூறு இருக்காலே ஒனக்கு? கடலுக்குப் போறவன எங்கனு கேக்க! ஊரு ஊராப் போயி என்னத்தலே படிச்ச? நாலு ராஜாவப் பாத்தாப் போதுமா, மூள வேண்டாமா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயா..." என்று இழுத்தவன், எதிரே இருந்த முகத்தைப் பார்த்து நிறுத்தினான். திட்டு வாங்கியவனின் முகமாக இல்லை அது. ரொம்ப நேரம் முங்கிக் கிடந்துவிட்டு மேலே வந்து முதல் மூச்சை இழுப்பவனின் முகம்.

"வேணும்னுதான் கேட்டியோ?"

"ஆமாலே."

"நீ நெசமாவே மறந்துட்டன்னுல்லா நெனச்சேன்."

"அத மறப்பனா?"

அப்படிக் கேட்டுவிட்டால் உடனே கிளம்பக் கூடாது. உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்க வேண்டும். அற்புதமணி உட்கார்ந்தான். பக்கத்தில் சிலுவையும் உட்கார்ந்தான். செல்வின் கொடுத்த தண்ணீர்ப் பாட்டில் இருவர் கையிலும் மாறி மாறிப் போனது.

"அந்த ஆபீசரு தள்ளுனப்ப நீ ஒரு வார்த்த சொல்லிருக்கணும்லே" என்றான் அற்புதமணி, கடலைப் பார்த்தபடி.

"சொல்லிருக்கணும்."

"வீட்டுக்குப் போயி அழுதேன் பாத்துக்க."

சிலுவை புன்னகைக்கவில்லை. நகராமல் உட்கார்ந்திருந்தான்.

"எப்பா, வெளிச்சம் போவுது" என்று செல்வின் குரல் கொடுத்தான். அற்புதமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"தெனமும் வந்து கேட்டுத் தொலைச்சிராத. எங்க வீட்லயும் அடுப்பெரியணும்."

வள்ளம் விலகியது. சிலுவை செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி நின்றான். தூரத்தில் அற்புதமணி திரும்பி ஏதோ கத்தினான். மோட்டார் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை.

வாயில் இரு கைகளையும் குவித்து, சிலுவை பதில் கொடுத்தான்.

"இருக்கேம்லே!"