ஏழாவது கேள்வி

வந்த பெண் சொன்ன முதல் வணக்கத்திலேயே எக்ஸ்சேஞ்ச் அக்காவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அந்தக் குரலில் சிரிப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் அவள். உண்மையிலேயே வீட்டில் சாவு விழுந்து லைன் கேட்டவர்களையும், வரிசையில் முந்திக்கொள்ளச் சாவைக் கற்பனை செய்தவர்களையும் முகம் பார்க்காமலே பிரித்த காது அது. நல்ல சேதி கொண்டுவருகிறவர்கள் இப்படிச் சிரிக்கமாட்டார்கள்.

பழைய நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்த முதியோர் பகல் மையம். இரண்டு நீள மேஜைகள், கால் ஆடும் நாற்காலிகள், பத்திரிகைகள், ஒரு பொத்தான் டெலிபோன். வாரத்தில் மூன்று நாள் காலை முதல் மதியம்வரை நாற்பத்தொரு பேர் வந்து போவார்கள். டெலிபோன் அக்காவின் ராஜ்ஜியம். ஆஸ்பத்திரியில் நேரம் வாங்க வேண்டுமா, எரிவாயு வரவில்லை என்று புகார் சொல்ல வேண்டுமா, அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்கிற இயந்திரக் குரல்களை எல்லாம் தாண்டி ஒரு மனிதக் குரலைப் பிடித்துக் கொடுத்துவிடுவாள். வீட்டில் யாருக்கும் அவளிடம் இப்படி ஒரு வேலை இல்லை.

"நகராட்சி ஆபீஸ்லேர்ந்து வர்றேன்" என்றாள் அந்தப் பெண். "சமத்துவப் பாதிப்பு மதிப்பீடு. ஒரு சின்ன ஃபார்ம்தான், பத்து நிமிஷம் போதும்."

"சமத்துவத்தால யாருக்கும்மா பாதிப்பு?" என்று கேட்டார் தையல்காரர். கடையை மூடிப் பத்து வருஷமாகியும் அவரை யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "எங்களுக்கு அது இன்னும் வந்தே சேரலையே. வந்தப்புறம்ல பாதிக்கும்."

மேஜை முழுக்கச் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு விளக்கினாள். ஊரில் இருக்கும் மூன்று சின்ன மையங்களையும் மூடிவிட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரே பெரிய மையமாகக் கட்டப்போகிறார்களாம். லிஃப்ட் வருமாம், கை கால் பயிற்சிக்குத் தனி அறையாம். "அப்படி மாத்தினா மத்தவங்களைவிட யாருக்காவது கூடுதலா கஷ்டம் வருமான்னு கேட்டு எழுதணும். வயசு, உடம்பு, கண்ணு, காது, ஆம்பளை, பொம்பளை எல்லாத்தையும் பார்க்கணும். யாரும் விட்டுப்போகக் கூடாதில்ல, அதுக்குத்தான்."

'கண்ணு' என்ற சொல்லில் அவள் ஒரு நொடி நின்றதாக அக்காவுக்குப் பட்டது. நின்றாளா, அல்லது தன் பயம்தான் அங்கே நின்றதா? யாராவது சொல்லியனுப்பியிருப்பார்களோ?

இரண்டு வருஷமாக அக்காவின் பார்வைக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு உட்கார்ந்திருந்தது. ஓரங்கள் தெரியும். ஒருவரைப் பார்த்தால் தோள் தெரியும், காது தெரியும், முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. கண் டாக்டரிடம் தனியாகப் போய்வந்து, மகனிடம் "கண்ணாடி மாத்தணுமாம், மெதுவா மாத்திக்கலாம்" என்று சொல்லி முடித்துவிட்டாள். சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று, இதே மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சரைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாள். குளியலறையில் வழுக்கியதை டீச்சர் வாய்தவறிப் பிள்ளைகளிடம் சொன்னது போன வருஷம். பாசமான பிள்ளைகள், துடித்துப்போனார்கள். அடுத்த மாதமே டீச்சர் வெளியே பூட்டு போட்ட ஒரு நல்ல இல்லத்தில் இருந்தாள். அங்கிருந்து ஒருமுறை போன் செய்தபோது, "இங்கே எல்லாம் சௌகரியமா இருக்கு" என்ற டீச்சரின் குரலில் சிரிப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

வீட்டு வாசலிலிருந்து இந்த மேஜைவரை முந்நூற்று நாற்பது அடி வைக்க வேண்டும். மதில் சுவரைக் கையால் தொட்டுக்கொண்டே போனால் தபால் பெட்டி. அங்கிருந்து சலவைக்கடையின் சோப்பு வாசனை. பிறகு வலது பக்கம் திரும்பினால் மூன்று படி. யாரும் சந்தேகப்பட்டதில்லை. அவளுக்கு உலகத்தில் மிச்சமிருந்த சுதந்திரம் அந்த முந்நூற்று நாற்பது அடிதான். அதை யார் கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.

நடுவில் அந்தப் பெண்ணின் போன் அடித்தது. அவள் ஜன்னல் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அக்காவின் காதுக்கு அது ஒரு தூரமா?

"மூணு சென்டரும் நான் ஒருத்தியேவா சார்? அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள ரிப்போர்ட்டுமா?" பிறகு, "சரி சார். சமாளிச்சுக்கறேன் சார்."

சிரிப்பு முழுக்க வடிந்துபோன குரல். அக்கா அதை மனசில் ஓர் ஓரமாக வைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஏழாவது கேள்வி, புதிய மையத்துக்கு நீங்களாகவே போய்வர முடியுமா என்பது. அட்டைமேல் வைத்த தாளில் பேனா ஓடும் சத்தத்தை வைத்தே பதிலைச் சொல்லிவிடலாம். சரி என்றால் ஒரு குட்டை இழுப்பும் ஒரு நீள இழுப்பும். பெருக்கல் குறி என்றால் ஒரே அளவில் இரண்டு கோடு, நடுவில் பேனாவைத் தூக்கும் ஓர் இடைவெளி. தையல்காரர் "சமாளிச்சுக்குவேன்மா" என்றார். குட்டை, நீளம். அடுத்து முட்டி வலிக்காரி, "அதெல்லாம் சமாளிச்சுக்கலாம்." குட்டை, நீளம். இடைவெளியே கேட்கவில்லை.

"பார்வையில ஏதாவது குறை?" என்று அக்காவின் முறை வந்தபோது அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லை."

"ரெண்டு பஸ் மாறணும். தனியா போய்வர முடியுமாம்மா?"

"சமாளிச்சுக்குவேன்" என்றாள் அக்கா.

குட்டை, நீளம்.

மறுநாள் காலை மகன் டீ கொண்டுவந்து வைத்தான். "சென்டர்ல ஏதோ ஃபார்ம் எழுதினாங்களாமே? நீ என்னம்மா சொன்னே?"

அக்காவுக்குத் திக்கென்றது. "உனக்கு யாரு சொன்னா?"

"வீட்டு நம்பர்னு என் நம்பரைத்தானே கொடுத்திருக்கே. மெசேஜ் வந்துச்சு. சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிறவன் 'சும்மா' என்று சொல்லமாட்டான். "எல்லாம் முடியும்னு சொன்னேன்" என்றாள். அவன் "ம்" என்றான். அந்த 'ம்' கொஞ்சம் நீளம். கையால் தேட வேண்டியிருக்கவில்லை, கோப்பையைப் பிடிக்கும் காது அவள் விரலுக்கு நேராகத் திரும்பியிருந்தது. எப்போதிலிருந்து இவன் கோப்பைக் காதை இந்தப் பக்கம் திருப்பி வைக்கிறான்? முன்பெல்லாம் தானே துழாவியிருக்கிறாள். தற்செயலா, தெரிந்துதான் செய்கிறானா? பெற்ற பிள்ளையையே வேவுக்காரனாகப் பார்க்கிறோமே என்று தன்மீதே அவளுக்கு வெறுப்பு வந்தது. ஆனாலும் அன்று முழுக்க அவன் போனில் பேசும்போதெல்லாம் வாசல்பக்கம் காதை வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த வாரம் மையத்தின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தையல்காரர்தான் உரக்கப் படித்தார். இந்த மையத்தின் பயனாளிகள் நாற்பத்தொரு பேர். தாங்களாகவே போய்வர முடியும் என்று தெரிவித்தவர்கள் நாற்பத்தொரு பேர். எந்தப் பிரிவினருக்கும் கூடுதல் பாதிப்பு இல்லை. ஆட்சேபணை இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கலாம்.

"நாற்பத்தொரு பேருமா?" என்று கேட்டாள் அக்கா.

முட்டி வலிக்காரி இருமினாள். தையல்காரர் தாளைத் தடவி ஒட்டுகிறமாதிரி ஏதோ செய்தார். அரைமணிக்கு ஒருதரம் கழிப்பறைக்கு எழுந்துபோகிற மனிதர் அவர். அந்தச் செருப்புச் சத்தத்தை அக்கா வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டு பஸ்ஸில் ஒருமணி நேரம் அவரால் எப்படி உட்கார முடியும்?

"நீங்க ஏன் முடியும்னு சொன்னீங்க?" என்று அவரிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க எதுக்காகச் சொன்னீங்களோ, அதுக்குத்தான் அக்கா."

அவளுக்கு முகம் சுட்டது. அப்படியென்றால் இவருக்குத் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும்? இவ்வளவு நாளும் எல்லாரையும் ஒட்டுக்கேட்டுக்கொண்டு தான் மட்டும் திரைக்குப் பின்னால் இருப்பதாக நினைத்திருந்தாளே. ஒவ்வொருவரும் வீட்டுக்குத் தெரியாமல் மூடிவைத்திருந்த ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ள, எல்லாருமாகச் சேர்ந்து இந்த மேஜையை விற்றுவிட்டார்கள். அந்தப் பெண் பொய்யாக ஒன்றும் எழுதவில்லை. ஆனால் நாற்பத்தொரு பேர் ஒரே சொல்லைச் சொன்னால் யாருக்குமே உறுத்தாதா? உறுத்தியும் எழுதியிருக்கிறாளா? இதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

டெலிபோனை இழுத்து நகராட்சிக்குப் போட்டாள். மூன்று முறை வேறு வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், ஒருமுறை பாட்டு போட்டுக் காத்திருக்கவைத்தார்கள். நான்காவதாக அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"ஏழாவது கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லலைம்மா" என்றாள் அக்கா. "நேர்ல வா. பஸ் ஸ்டாப்புல நிக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்தாள். மையத்துக்கு எதிரிலேயே நிறுத்தம். "சார் இன்னிக்கு சாயங்காலம் ரிப்போர்ட் கேட்கறார்மா" என்பதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை. இன்று சிரிப்பு இல்லை. அக்காவுக்கு அது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"புது சென்டருக்கு எந்த பஸ்ல ஏறணும்?"

"பதினாலு."

இரண்டு பேரும் நின்றார்கள். ஒரு பஸ் வந்து நின்று பெருமூச்சு விட்டுப் போனது. இன்னொன்று வந்தது, போனது. எல்லா பஸ்ஸும் ஒரே மாதிரிதான் உறுமுகின்றன. மூன்றாவதும் போனபிறகு அந்தப் பெண் கேட்டாள்.

"ஏம்மா ஏறலை? இப்போ போனது பதினாலுதானே."

"அப்படியா" என்றாள் அக்கா.

அந்தப் பெண் அவள் பக்கம் திரும்பினாள். முகம் எப்படி இருக்கிறதோ. தெரிந்தது ஒரு தோளும் காதோரத்து முடியும்தான்.

"கண்ணு தெரியலைம்மா. நடுவுல ஒண்ணுமே தெரியலை." வாயைவிட்டு இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு மையத்தின் பக்கம் கையைக் காட்டினாள். "இங்கே வர்றதுக்குச் சுவரு இருக்கு, எனக்கு அது போதும். அங்கே போறதுக்கு என்ன இருக்கு?"

"அன்னைக்குச் சமாளிச்சுக்குவேன்னு சொன்னீங்களே?"

"நீயும்தான் சொன்னே. ஜன்னல் பக்கத்துல நின்னு உங்க சார்கிட்ட. முடியும்னு நினைச்சா சொன்னே?"

நீளமான மௌனம். பொய் தயாராகும் மௌனம் இதைவிடக் குட்டையாக இருக்கும் என்பது அக்காவின் அனுபவம். ஆனால் அழுகை தயாராகும் மௌனமும், தப்பிக்க வழி தேடும் மௌனமும் ஏறக்குறைய ஒரே நீளம்தான்.

"ஒருத்தருக்குப் பாதிப்புன்னு எழுதினாலும் ரிப்போர்ட்டை முடிக்க முடியாதும்மா" என்றாள் அந்தப் பெண் கடைசியில். "எல்லார்கிட்டயும் மறுபடி கேட்கணும். உங்களுக்குக் காரணம் எழுதணும், பார்வைன்னு. வீட்டு நம்பருக்குத் தகவல் போகும். அதை என்னால நிறுத்த முடியாது."

மகனின் அந்த நீளமான 'ம்' காதில் கேட்டது. விரலுக்கு நேராகத் திரும்பியிருந்த கோப்பைக் காது ஞாபகம் வந்தது. அது அன்பா, வேவா? பூட்டுப் போட்ட நல்ல இல்லத்தின் வாசலில் அவனும் இப்படித்தான் அன்பாகக் கைபிடித்து இறக்கிவிடுவானா? தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் இன்னும் எத்தனை நாள்தான் சுவரைத் தடவுவது.

"எழுது" என்றாள்.

புதுத் தாளை அட்டையில் செருகும் கிளிப் சத்தம் கேட்டது. பேனாவின் மூடி கழன்றது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஆறு குறிகளை எண்ணிய பிறகு ஏழாவதன் முதல் கோடு விழுந்தது. குட்டையா? ஒரே அளவா? அடுத்த கோட்டுக்கு முன்னால் பேனா தூக்கப்படுகிறதா என்று கேட்பதற்குள் ஒரு பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்று எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. கண்டக்டரின் விசில், ஏறுகிறவர்களின் சண்டை, கதவு அடிக்கும் சத்தம். அது போன பிறகு பேனா ஓய்ந்திருந்தது.

"கையெழுத்து போடுங்கம்மா. இங்கே." அட்டையிலிருந்து கழற்றிய தாளை அந்தப் பெண் நீட்டி, அவள் விரலைப் பிடித்து ஒரு வரியின்மேல் வைத்தாள். கை சில்லென்றிருந்தது.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. தாளைத் திருப்பினாள். பந்துமுனைப் பேனா அழுத்தின இடம் மறுபக்கத்தில் மேடாக எழும்பியிருக்கும். கட்டைவிரலை மேலிருந்து இறக்கி ஒவ்வொரு மேடாகத் தொட்டாள். ஐந்து. ஆறு. பக்கத்தில் அந்தப் பெண் மூச்சுவிடும் சத்தம் நின்றுபோயிருந்தது. கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் கீழே நகர்ந்தது.