உப்பு கேட்டவன் வழக்கு

இரும்புலியூர் சர்ச் ஹாலில் மாதக் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வழக்காடு மன்றம். பழைய சிறுகதை ஒன்றின் பாத்திரத்தைக் கூண்டில் நிறுத்துவோம். இந்த மாதம் ஒரு குமாஸ்தா. மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்து சாப்பிட உட்காருகிறான். குழம்பில் உப்பு குறைவு என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறான். கதை அதோடு முடிகிறது. கல்நெஞ்சன் என்பது குற்றச்சாட்டு.

அவனுக்காகப் பேச யாரும் பெயர் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன். காரணம் அவனல்ல. நடுவர் ஜெயசீலி டீச்சர் என் மாமியார். என் மனைவி ஜெரூஷாவின் அடக்கத்தில் நான் அழவில்லை. அன்றிலிருந்து அத்தை என்னோடு பேசுவதில்லை. நடுவர் என்றால் பேசித்தான் ஆகவேண்டும்.

வழக்குத் தொடுத்தவன் ஆல்வின், என் காலேஜ் நண்பன். "பொண்டாட்டி போன அன்னைக்கு உப்பு கேக்குறான் டீச்சர். விட்டா அப்பளம் பொரிக்கச் சொல்லுவான்."

ஹால் சிரித்தது. பிறகு சிலர் என்னைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. ஆல்வின் மைக்கை என் பக்கம் நகர்த்தி, சாரி மச்சான் என்று மெல்லச் சொன்னான்.

அழவில்லை என்பதால் அன்பில்லை என்று ஆகாது என்றேன். எல்லோரும் எதிர்பார்த்த வாதம்தான். யாரும் நிமிரவில்லை.

அத்தை காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார். "வழக்கை மறுப்பவருக்கு ஒரு கேள்வி. அன்னைக்கு ஒரு மனுஷனுக்குப் பசிக்குமா?"

"பசிச்சது, அத்தை."

தாம்பரம் பக்கம் மின்ரயில் ஒன்று போனது. அது கடக்கும்வரை பேச்சை நிறுத்திக்கொள்வது அந்த ஹாலின் வழக்கம். கடந்ததும் அத்தை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

தீர்ப்பை எழுதியே கொண்டுவந்திருந்தார். படிக்கவில்லை. இந்த வழக்கைத் தன்னால் விசாரிக்க முடியாது, வேறு நடுவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நடுவர் விலகியது மன்றத்தில் நடந்ததே இல்லை. ஆல்வின் காரணம் கேட்டான்.

"அன்னைக்கு நானும் சாப்பிட்டேன். எல்லாரும் வீட்டு ஹால்ல அழுதுட்டு இருந்தாங்க. நான் கிச்சன்ல நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். ரெண்டாவது தடவையும் போட்டுக்கிட்டேன்."

முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

அத்தை எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. அவர் கைப்பையை வைக்க இடமில்லாமல் இருந்தது. வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்து யார் பேசுவது என்று ஆல்வின் கேட்டான்.

அத்தை மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.