மஞ்சள் விளக்கின் மேல் ஒரு பொட்டு

வெள்ளிக்கிழமை காலை தேவேந்திரன் தறியிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார். பிள்ளையார்பாளையத்தின் அந்தக் குறுகலான தெருவில், அவருடைய பழைய வெள்ளைக் கார் குளித்து முடித்த மாடு போல நின்றிருந்தது. கதவைத் திறந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் நல்ல பிள்ளையாக ஓடியது. ஆனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால், முந்தின நாள் அணைத்த அந்தச் சின்ன மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்தது.

அவருக்கு எரிச்சலாக வந்தது. நேற்றுதான் மெக்கானிக் ஜான்சன் தன் மெஷினை மாட்டி அதை அழித்துக் கொடுத்திருந்தான்.

"ணா, இது த்ராட்டில் சென்சார் கம்ப்ளெயின்ட். நீ ஆக்சிலேட்டர எவ்ளோ மிதிக்கிறேன்னு இன்ஜினுக்கு சொல்றதே அதுதான். அது ஒளற ஆரம்பிச்சா வண்டி எங்க வேணா நின்னுடும். ரெண்டு நாள் ஷெட்ல விடு, பார்க்கறேன்" என்று ஜான்சன் அப்போதே சொன்னான்.

"விக்கிற வண்டிக்கு எதுக்குப்பா வைத்தியம்? லைட்ட மட்டும் அணைச்சுக் குடு."

"அணைச்சா திரும்பி வரும்ணா."

"வரட்டும். அப்போ வண்டி நம்மகிட்ட இருக்காது."

ஜான்சன் சிரித்துக்கொண்டே அழித்துக் கொடுத்தான். கேட்பவர்களுக்கெல்லாம் அப்படி அழித்துக் கொடுப்பதுதான் அவன் வழக்கம்.

இப்போது அது திரும்பி வந்துவிட்டது. தூங்காமல் விழித்திருக்கும் ஒரு கண்ணைப் போல அவரையே பார்த்தது. தேவேந்திரன் வீட்டுக்குள் போனார். நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் மனைவி சங்கரி ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டுகளில் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டை எடுத்து வந்து விளக்கின் மேல் அழுத்தினார். கறுப்பு டேஷ்போர்டில் கறுப்புப் பொட்டு. அங்கே ஒரு விளக்கு இருந்ததே தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் காரை வாங்க செவிலிமேட்டிலிருந்து ஷாரோன் வந்தாள். பாலாற்றுக்கு அக்கரையில் ஒரு கிராமத்து சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். மகள் அபி படிக்கும் பள்ளிக்கூடமும் அக்கரையில்தான். இத்தனை நாள் இருவரும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்தார்கள். அவர்கள் குடும்பத்திலேயே கார் வாங்கும் முதல் ஆள் அவள்தான். கூட வந்த அப்பா பரசுராமன் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்.

"இன்னாப்பா, நான் சர்ச்சுக்குப் போற பொண்ணு, நீ எலுமிச்சம்பழம் நசுக்கற?"

"உன் சாமி உன்னப் பாத்துக்கட்டும்மா. டயர என் சாமி பாத்துக்கும்."

ஷாரோன் சிரித்துவிட்டு தேவேந்திரனிடம் திரும்பினாள். "வண்டியில ஏதாவது தொந்தரவு இருக்குதாணா? மறைக்காம சொல்லுங்க. நான் இப்பதான் ஓட்டப் பழகிக்கினு இருக்கேன்."

"தங்கமான வண்டிம்மா. நம்பி எடுத்துக்கினு போ."

சொல்லும்போது அவர் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. வாசற்படியில் நின்ற சங்கரி அவரை ஒருமுறை பார்த்தாள். வாங்க வந்தவர்களின் எதிரில் புருஷனை எப்படிக் கேட்பது என்று பேசாமல் இருந்துவிட்டாள். கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

சனியும் ஞாயிறும் வெயில். திங்கட்கிழமை விடியும்போதே வானம் கறுத்து மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் தறியின் பாவு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தேவேந்திரன் அறுந்த இழையை எடுத்து முடிந்தார். முடிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று அறுந்தது. ஓட்டின் மேல் விழும் மழைச் சத்தத்துக்குள் யாரோ தொடர்ந்து ஹாரன் அடிப்பது போலிருந்தது. காதைத் தீட்டினால் மழை மட்டும்தான்.

சங்கரி வந்து தறிக்கு எதிரில் நின்றாள்.

"ஏங்க, போன மாசம் மழையில பாலத்து மேல வண்டி நின்னுச்சே, அத அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

அவர் அடுத்த இழையை எடுத்து முடிந்தார். அன்று சங்கரி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் வந்த டிப்பர் லாரி உரசாமல் விலகிப் போனது அவர்கள் நல்ல நேரம். அன்று வீட்டுக்கு வந்ததும்தான் காரை விற்றுவிடுவது என்று அவர் முடிவு செய்தார்.

"சொல்லலன்னா பரவால்ல. அந்த மஞ்ச லைட்டு எரியுமில்ல, அவளே பாத்திருப்பா."

"எரியறது தெரியாது."

"ஏன் தெரியாது?"

"உன் பொட்டு ஒண்ணு எடுத்து மேல ஒட்டிட்டேன்."

சங்கரியின் கை தானாக நெற்றிக்குப் போனது. பிறகு அவருடைய போனை எடுத்து நீட்டினாள். "அந்தப் பொண்ணக் கூப்புடுங்க."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். அடித்து அடித்து ஓய்ந்தது.

"ஸ்கூலுக்குப் போற நேரம். புள்ளையும் கூட இருக்கும்" என்றாள் சங்கரி. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மழையிலேயே கிளம்பினார்கள்.

செவிலிமேட்டைத் தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றன. தேவேந்திரன் ஓரமாக ஊர்ந்து ஊர்ந்து பாலத்தில் ஏறினார். கீழே பாலாறு வழக்கமில்லாத நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவில் வெள்ளைக் கார் நின்றிருந்தது. வைப்பர் மட்டும் இங்கும் அங்கும் ஆடியது. ஓட்டுநர் பக்கக் கதவு திறந்து கிடந்தது. அந்தப் பக்கத்து சைடு மிரர் இருந்த இடத்தில் இரண்டு ஒயர்கள் தொங்கின. உள்ளே யாரும் இல்லை. பின் சீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பை.

தேவேந்திரன் ஸ்கூட்டரை அப்படியே நிறுத்தினார். "சங்கரி..." என்றார். அதற்குப் பிறகு என்ன சொல்ல வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அதோ" என்றாள் சங்கரி.

கைப்பிடிச் சுவரை ஒட்டி ஷாரோன் நனைந்தபடி நின்றிருந்தாள். அபியின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து மூடியிருந்தாள். லாரி ஒன்று மிரரைப் பெயர்த்துக்கொண்டு உரசிவிட்டுப் போன பிறகும் அந்தக் கை தளரவில்லை. நாலைந்து பேரோடு சேர்ந்து தேவேந்திரன் காரைத் தள்ளினார். அங்கே ஷாரோன் அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

கார் ஜான்சன் ஷெட்டுக்குப் போனது. அபியைச் சங்கரி துவட்டிவிட்டாள். ஜான்சன் மெஷினை மாட்டிவிட்டு ஷாரோனை ஓட்டுநர் சீட்டில் உட்காரச் சொன்னான்.

"மெஷின்ல வர்ற நம்பர படிங்கக்கா. ஆக்சிலேட்டர்லருந்து கால எடுத்துடுங்க."

"கால் வைக்கவே இல்ல. ஆனா பாதி மிதிச்ச மாதிரி காட்டுது. இன்னும் ஏறிக்கினே போவுது."

"அதான் கதை. நீங்க சும்மா இருக்கும்போதே மிதிக்கிறீங்கன்னு இன்ஜின் நெனைச்சுக்குது. பெட்ரோலக் கொட்டிக்கினு மூச்சு முட்டி நின்னுடுது."

இன்னொரு வண்டியில் கழற்றிய நல்ல சென்சாரை ஜான்சன் மாற்றிப் பார்த்தான். எண் இறங்கவில்லை. அவன் முகத்திலிருந்த கேலி போனது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, சென்சாருக்கு வரும் ஒயரின் முனையை மெதுவாக அசைத்தான்.

"எகிறுது! இப்ப இறங்குது!" என்று உள்ளிருந்து ஷாரோன் கத்தினாள். தலையைத் திருப்பியபோது, மெஷின் திரையின் வெளிச்சத்தில், டேஷ்போர்டில் ஏதோ ஓரம் தூக்கி நிற்பது அவள் கண்ணில் பட்டது. நகத்தால் நிமிண்டினாள். பொட்டு உரிந்து வந்தது. மஞ்சள் வெளிச்சம் அவள் விரலில் விழுந்தது. அவள் தேவேந்திரனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஜான்சன் இடுக்கியால் எதையோ இழுத்தான். பச்சை பூத்த மெல்லிய இழை ஒன்று பிசுபிசுவென்று வந்தது.

"இன்னாது இது? ஜரிகையா?"

"அந்த ஒயரோட கிளிப் ஒடஞ்சு ஆடிக்கினு இருந்துச்சுப்பா. நான்தான் இறுக்கிக் கட்டினேன். கயிறு மக்கிடும், ஜரிகை மக்காதேன்னு..."

"ஜரிகைன்னா இன்னாணா? பட்டு நூல் மேல சுத்தின செம்பும் வெள்ளியும். கரண்டு ஓடுற எடத்துல கம்பிய வெச்சுக் கட்டிருக்க! நுனி உள்ள பூந்துடுச்சு. காஞ்சிருந்தா சும்மா இருக்குது, ஈரம் பட்டா ரெண்டு பின்னையும் தொட்டுக்குது. அன்னிக்கு லைட்ட மட்டும் அழிச்சுக் குடுன்னு கேட்டியே, வண்டிய விட்டிருந்தா ஒரு மணி நேர வேலை."

"நீ மட்டும் இன்னா யோக்கியம்?" ஷாரோன் காரிலிருந்து இறங்கினாள். "காய்ச்சல்னு வர்றவன்கிட்ட தெர்மாமீட்டர ஒதறிட்டு, போய்ட்டு வான்னு நான் அனுப்புனா ஒத்துப்பியா? லைட்ட அழிச்சது நீதானே?"

ஜான்சன் ஒயர் முனைக்குப் புதுக் கனெக்டரை எடுத்து வந்தான். பழையதை வெட்டினான். ஒயர்களைப் பற்றவைத்து உறை போட்டான். பின்களைச் சுத்தம் செய்து சென்சாரைப் பூட்டினான். மெஷினில் விளக்கை அழித்துவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றி அசைத்துப் பார்த்தான். எண் அசையவில்லை. விளக்கும் திரும்பி வரவில்லை.

"இனிமே நிக்காது" என்று சாவியை நீட்டினான்.

ஷாரோன் வாங்கிக்கொள்ளவில்லை. வெளியே மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது.

"அவர்கிட்ட குடு. அண்ணா, நீங்க ஓட்டுங்க. அக்கா பக்கத்துல உக்காரட்டும். பாலத்தத் தாண்டிப் போய்ட்டு வாங்க. அப்புறம் நான் வாங்கிக்கிறேன்."

தேவேந்திரனின் கை நீளவில்லை. கோளாறு தீர்ந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். கண்ணெதிரே பார்த்தார். ஆனாலும் அவர் பார்வை சங்கரியிடம் போய், அந்தப் பாலத்துக்குப் போய், லாரிகளுக்குப் போய்த் திரும்பியது. அந்தச் சில நொடிகளின் தயக்கம் ஷெட்டில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது.

சங்கரி முன்னால் வந்து சாவியை வாங்கினாள்.

"பாத்தீங்களா, ரிப்பேர் பண்ண பிறகும் என்ன உக்கார வைக்க உங்களுக்கு மனசு வரல. ரிப்பேர் பண்ணாம இருந்தப்போ இவளையும் இவ கொழந்தையையும் உக்கார வெச்சு அனுப்பிட்டோம். எனக்கும் தெரியும், நானும் வாயத் தொறக்கல. நம்ம வீட்டு ஆள ஏத்த பயப்படுற வண்டிய அடுத்தவங்களுக்கு விக்கவே கூடாதுங்க. தெரிஞ்ச குறைய மறைச்சு வித்தா, நாளைக்கு நடக்கறதுக்கு விபத்துன்னு பேர் வெக்க முடியாது. அது நாம பண்ண கொலை."

தேவேந்திரன் அழவில்லை. மனைவியின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு ஷாரோனின் எதிரில் நின்றார்.

"நான் சொன்னது பொய்ம்மா. பாலத்து மேலயே ஒரு தடவ நின்னிருக்குது. தெரிஞ்சுதான் வித்தேன்."

அவர் ஓட்டுநர் சீட்டில் ஏறினார். சங்கரி பக்கத்தில் உட்கார்ந்தாள். கார் மழைக்குள் இறங்கிப் பாலத்தை நோக்கிப் போனது. ஷாரோன் மகளின் கையைப் பிடித்தபடி, அது திரும்பி வரும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.