அச்சடித்த மயில்

கதவை யாரோ படபடவென்று தட்டியதில் ஃபியோர்தலீசாவின் கையிலிருந்த கரித்தூள் கட்டிய துணிமுடிச்சு நழுவி விழுந்தது. மேஜையெல்லாம் கறுப்பு.

தங்கை பேத்தா ஜன்னல் வழியே கால்வாயை எட்டிப் பார்த்தாள்.

"படகுல வந்திருக்காங்க. உன் மாமியார்தான்க்கா."

"இன்னும் ஆகலைடி. இதைப் பார்த்தா ஆகவும் மாட்டாங்க."

'இது', ரியால்டோ பாலத்தடியில் வாங்கிய பூவேலைப் புத்தகம். அச்சடித்த மயிலின் கோடு நெடுக ஊசியால் குத்தி, துளைகள் வழியே கரித்தூளைத் தட்டினால் அடியிலுள்ள துணியில் மயில் புள்ளி புள்ளியாக இறங்கும். அப்புறம் தைக்க வேண்டியதுதான். ஆனால் சொந்தமாக வரையத் தெரிந்த பெண்தான் மருமகளாக வேண்டும் என்று பொலிசேனா அம்மாள் சொன்னபோது, "நான் எல்லாமே மனசுலேர்ந்துதான் வரைவேன் அத்தை" என்று ஃபியோர்தலீசா அளந்துவிட்டிருந்தாள். மாப்பிள்ளை அல்விசேயை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பொலிசேனா உள்ளே நுழைவதற்குள் பேத்தா புத்தகத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பெரியவங்க வந்தா எழுந்திரிக்க மாட்டியாம்மா?"

"கால் மரத்துப்போச்சுங்க."

பொலிசேனா மடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து நீட்டினாள். "கல்யாணச் சட்டைக் கழுத்துக்கு ஒரு மயில் வரைஞ்சு காட்டு. கண்ணால பார்த்துட்டு நாள் குறிச்சுடறேன்."

ஃபியோர்தலீசா வரைந்தாள். கொண்டை வந்தது. கழுத்து வந்தது. தோகை வரவே இல்லை.

"கோழி நல்லாருக்கு" என்றாள் பேத்தா, உதவுவதாக நினைத்துக்கொண்டு.

ஃபியோர்தலீசா கரிக்கோலைக் கீழே வைத்தாள். "எனக்கு வரைய வராது அத்தை. பொய் சொல்லிட்டேன். தையல் மட்டும்தான் என்னோடது. பேத்தா, எழுந்திரி."

பொலிசேனா புத்தகத்தை வாங்கி, மயில் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். துளை துளையாக வெயில் ஒழுகியது. சல்லடையாகிப்போன தாள் அந்தப் பிடியைத் தாங்கவில்லை. தோகை தனியாகக் கழன்று அவள் கையோடு வந்தது.

சம்பந்தமும் அதோடு கிழிந்தது என்று நினைத்தாள் ஃபியோர்தலீசா.

பொலிசேனா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"புத்தகத்துப் பக்கத்தையேவா கரி போட்டுத் தேய்க்கிறது? அடியில வேற தாளை வெச்சுக் குத்தி, அந்தத் தாள்லதான் தேய்க்கணும். என்னோட புத்தகத்தை வந்து பாரு, வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கும்."